மாத்தளையில் நோயாளியும் பதிவேடும்: தோட்டக் கட்டளைச் சட்டங்களிலிருந்து தகவல் உரிமை வரை

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையின் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டைச் சேர்த்தே கொடுத்தது. நோயில் விழுந்தால் முதலாளியின் செலவில் தங்குமிடமும் மருத்துவக் கவனிப்பும் கிடைக்கும். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. மருந்தும் விலங்கும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகளாக இருந்ததை அன்று யாரும் முரணாகக் கருதவில்லை. முதலீடு போட்டு வரவழைத்த உழைப்பு ஓடிப்போகவும் கூடாது, செத்துப்போகவும் கூடாது என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

இலங்கையில் மருத்துவக் கவனயீனம் பற்றி எழுதுவோர் வழக்கமாக பேராசிரியர் பிரியாணி சொய்சா வழக்கில் 2001இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடங்குவார்கள். மாத்தளை மாவட்டத்தை, அதிலும் உக்குவளை, றத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தோட்டங்களை எடுத்துக்கொண்டால், அந்தத் தொடக்கம் மிகவும் பிந்தியது. இங்கே தோட்ட மருத்துவம் முதலாளி அரசுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையாகப் பிறந்தது. நோயாளி அதில் பேசும் தரப்பாக இருக்கவில்லை. அவரது நோயைப் பற்றி எழுதியவர், எழுத்தை வைத்திருந்தவர், தேவைப்பட்டால் எழுதாமல் விட்டவர் எல்லோருமே வேறு ஆட்கள். நோயாளி தன்னைக் காத்துக்கொள்வது என்றால் என்ன என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் கிடைக்கும் விடை, அந்த எழுத்து எப்போது, எவ்வளவு தூரம் அவர் கைக்கு வந்தது என்பதோடு பின்னிக் கிடக்கிறது.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர் காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்து வந்து சேர்ந்த மலைநாட்டு வாசல் மாத்தளை. அந்த வடபாதையில் கொலராவும் காய்ச்சலும் பசியும் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பது இன்றுவரை தீராத வழக்கு. 1840களில் எழுபதாயிரம் பேர் மாண்டதாக அக்காலத்திலேயே செய்தித்தாளில் ஒரு கணக்கு வந்தது. பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் அது மிகை என்றனர். வந்தவர், திரும்பியவர், வழியில் விழுந்தவர் என்று ஒழுங்காகப் பதிந்த ஏடு இருந்திருந்தால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு இடமில்லை. நட்டம் பதியப்படாத இடத்தில் பொறுப்பும் பிறப்பதில்லை. வழிநெடுக மருத்துவ நிலையங்கள் அமைக்கும் பேச்சு, சாவுகள் வெளியே தெரிந்து லண்டன் வரை சங்கடம் எழுந்த பிறகுதான் வேகம் பிடித்தது.

1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இதற்கு வந்த முதலாவது முறையான ஏற்பாடு. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. தோட்டக்காரர் குழுக்களிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. ஏக்கர்க் கணக்கில் வரி விதிக்கப்பட்டது. வரி கட்டுவோரே செலவைத் தீர்மானிக்கும் குழுவிலும் இருந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பின்னர் விளைபொருள் ஏற்றுமதி மீதான தீர்வையே இதன் செலவுக்கு மூலமானது.

இந்தச் சட்டங்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது அவற்றில் வரும் எழுவாய். தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்துகொள்ள வேண்டியவர் துரை. கடும் நோயானால் மாவட்ட வைத்தியரை அழைக்க வேண்டியவரும், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவரும், பிறப்பு இறப்பை அறிவிக்க வேண்டியவரும், தவறினால் தண்டம் கட்ட வேண்டியவரும் அவரே. அதாவது கவனயீனம் என்ற கருத்து தோட்டத்துக்கு வந்துவிட்டது, ஆனால் முறையிடும் உரிமை வரவில்லை. துரை தவறினார் என்று தொழிலாளி சொல்ல வேண்டுமானால், அதைத் துரையின் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் தெரியாமல் சொல்ல வேண்டும். அந்தக் கங்காணியிடந்தான் அவரது கடன் கணக்கும், வேறு தோட்டத்துக்குப் போக வேண்டிய துண்டும் இருந்தன.

ஆகவே நோயாளிகள் தமக்கு எட்டிய ஒரே பாதுகாப்பைக் கையாண்டார்கள்: நோயை மறைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் விழாது, கூலி இல்லை. அங்கே போனவர்களில் பலர் திரும்பாததைக் கண்ட லயத்து மக்கள் அதைச் சாகப் போகும் இடமாகவே எண்ணினார்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்புவதில் செலவிருந்தது. இரு பக்கத் தாமதமும் சேர்ந்து, நோயாளி கடைசிக் கட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அதுவே ஆஸ்பத்திரியின் கெட்ட பெயரை மேலும் வளர்த்தது. காலனியப் பதிவுகள் இதைத் தொழிலாளியின் அறியாமை என்று எழுதிவைத்தன. எனக்கு அது அறியாமையாகப் படவில்லை. கேட்கவும் மறுக்கவும் வழியில்லாத இடத்தில் ஒளிந்துகொள்வது கணக்குப் பார்த்துச் செய்த முடிவுதான்.

1912ஆம் ஆண்டில் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோது பிரசவித்த பெண்ணுக்கு உணவும் ஓய்வும் தோட்டத்தின் கடமையாக விரிவடைந்தன. அதைவிட முக்கியமான மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தை அடுத்து, இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அலுவலகம் அமைத்தார். அவர் தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதினார். சம்பளம், லயம், சாவு வீதம் எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. மாத்தளைத் தொழிலாளியின் நோயைப் பற்றித் தோட்டத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் எழுதத் தொடங்கியது அப்போதுதான். கோ. நடேசய்யரின் பத்திரிகை எழுத்தும் தொழிற்சங்க முயற்சியும் இதே காலத்தவை.

தோட்டத்தில் அன்றாடம் மருந்து கொடுத்தவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். டிஸ்பென்சர், பிற்காலத்தில் தோட்ட வைத்திய உதவியாளர் என்று பெயர். லயத்தில் அவர் ‘டொக்டர் ஐயா’. அவர்களில் கைராசிக்காரர்களும் இருந்தார்கள், எல்லா நோய்க்கும் ஒரே கலவையை ஊற்றிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியர்களைப் பதிவேட்டில் சேர்த்து, தொழில் ஒழுக்கம் தவறினால் பெயரை நீக்கவும் வழிசெய்தது. இன்றைய இலங்கை மருத்துவச் சபையின் அதிகாரம் அங்கிருந்து வருகிறது. ஆனால் வைத்தியர் பதிவேட்டில் இல்லாத ஒருவரை அதிலிருந்து நீக்க முடியாது. தோட்ட மருந்தறையில் நடந்த தவறு நெடுங்காலம் இந்த ஓட்டை வழியாகவே வெளியேறியது.

சுதந்திரத்துக்குப் பின் நாட்டின் ஏனைய மக்களுக்கு இலவச அரசு மருத்துவம் விரிந்தது. தோட்டம் தோட்டத்தின் மருந்தறையோடு நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பறித்தது குடியுரிமை என்ற பெயரை மட்டுமல்ல, அரச சேவையைக் குடிமகனாக நின்று கேட்கும் இடத்தையும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. மாத்தளைப் பகுதியில் எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி அரசிடமே தங்கியது. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இழுபட்டுப் போயிற்று.

இந்த இடைக்காலத்தின் மிகக் கனமான விடயம் கருத்தடை. 1980 முதல் நிரந்தரக் கருத்தடைக்கு அரசு பணம் கொடுத்தது. ஒரு கட்டத்தில் தொகை 500 ரூபாவாயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்று அது சிறிய காசல்ல. பெண் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் விகிதம் நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்தில் வெகுவாக உயர்ந்திருப்பதைப் பின்வந்த தேசிய ஆய்வுகளும் காட்டின. விருப்பத்தோடு செய்துகொண்டவர்கள் பலர் என்பது உண்மை. ஆயினும் சம்மதம் கேட்டவர் சம்பளம் தரும் தோட்டத்தின் ஆள். வேறு முறைகள் பற்றிய விளக்கம் அரிது. படிவத்தில் பெருவிரல் அடையாளம். மருத்துவச் சட்டம் தகவலறிந்த சம்மதம் என்று கேட்பது இதையல்ல.

இதற்குப் பக்கத்தில் 2019ஆம் ஆண்டை வைத்துப் பார்க்கலாம். அண்டை மாவட்டமான குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஷாஃபி ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முதற்பக்கத்தில் எழுதியது. அவர் கைதானார், முறைப்பாடுகள் குவிந்தன. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் அறிவித்தது, பின்னர் அவர் பணிக்கும் திரும்பினார். இல்லாத கருத்தடைக்கு நாடே கொதித்தது. தோட்டங்களில் படிவம் படிவமாக நடந்ததற்கு எந்த முதற்பக்கமும் கிடைக்கவில்லை. பதிவேடு நோயாளியைப் போலவே வைத்தியரையும் காக்கும் என்பதற்கு ஷாஃபியின் வழக்கே சாட்சி.

மாத்தளை ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்போது 2012 நவம்பரைத் தாண்டிப் போக முடியாது. வளவில் உயிரி எரிவாயு நிலையத்துக்காக மண் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. பழைய கொள்ளைநோயில் இறந்தவர்கள் என்றார்கள் சிலர். 1980களின் கடைசியில் காணாமற்போனவர்கள் என்றார்கள் பலர். பேராசிரியர் ராஜ் சோமதேவவின் தொல்லியல் ஆய்வு 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தைச் சுட்டியது. அமெரிக்காவில் செய்த கார்பன் காலக்கணிப்போ 1950க்கு முந்தியது என்றது. மருத்துவத் தவறுக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி வளவுக்குள் புதைந்திருந்தவர் யார் என்ற கேள்வி எந்தப் பதிவேட்டாலும் முடிக்கப்படாமல் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இனி நீதிமன்றம். இலங்கையில் மருத்துவக் கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்பது ரோம டச்சுச் சட்டத்தின் தீங்கியல் கோட்பாட்டின் கீழ். பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக 1992இல் இறந்த ஒரு குழந்தையின் தந்தை தொடுத்த வழக்கு இதன் அளவுகோல். மூளைத் தண்டில் இருந்த கட்டியை வேறு நோயாகக் கணித்தார் என்பது குற்றச்சாட்டு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா தீர்ப்பளித்தது; மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 2,50,000 ஆகக் குறைத்தது; 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளியது. கவனக்குறைவுதான் சாவுக்குக் காரணம் என்ற தொடர்பு நிறுவப்படவில்லை. பண இழப்பாகக் கணக்கிட முடியாத துயருக்கு இந்த வழக்குவகையில் இடமில்லை. வசதியும் சட்ட அறிவும் உள்ள கொழும்புக் குடும்பத்துக்கே இதுதான் கிடைத்தது. காரணத் தொடர்பை நிறுவ இன்னொரு நிபுணர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கும் குறிப்புகள் வேண்டும்.

காலக்கெடு இன்னும் இறுக்கமானது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இவ்வகை வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். தோட்ட மருத்துவச் சட்டத்துக்கும் ஓராண்டு மூத்த விதி அது. அரச ஆஸ்பத்திரியானால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே ஒரு மாதம். துக்கம் முடிந்து முப்பத்தொன்று கழிப்பதற்குள் அந்தக் கதவு மூடிவிடும். மருத்துவச் சபைக்குச் சத்தியக்கடதாசியோடு முறையிடலாம், ஆனால் அதனிடம் நட்டஈடு கிடையாது.

ஆகவே முதல் வாரத்தில் செய்வதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. சந்தேகமான சாவானால், உடலைப் பொறுப்பேற்கும் முன்பே பிரேத பரிசோதனையையும் மரண விசாரணையையும் கேட்க வேண்டும். மரண விசாரணை அதிகாரி முன் சொல்லும் வாக்குமூலத்தில் மருந்து, நேரம், வார்டு எல்லாம் இடம்பெற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும்போது கையில் தரும் ‘டயக்னோசிஸ் காட்’ பாதிக் கதைதான். நாளுக்கு நாள் என்ன செய்தார்கள் என்பது ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும் கட்டிற் சீட்டில் இருக்கிறது. பழைய கிளினிக் கொப்பியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதும், ஒவ்வாத மருந்தின் பெயரை அதன் முதற்பக்கத்தில் எழுதிக் கேட்டு வாங்குவதும், ஊசி போடுமுன் அதைக் காட்டிச் சொல்வதும் லயத்தில் யாராலும் முடியும். 2023 ஜூலையில் பேராதனை ஆஸ்பத்திரியில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசிக்குப் பின் ஓர் இளம்பெண் இறந்தார். அதே ஆண்டு தரமற்ற இம்யுனோகுளோபியூலின் கொள்வனவு அம்பலமாகி, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அதன்பின் வெளியே வாங்கி வரச் சொல்லும் மருந்தின் பெட்டியையும் தொகுதி இலக்கத்தையும் வைத்துக்கொள்வது வீண் சந்தேகம் ஆகாது.

கட்டிற் சீட்டைப் பெறும் வழியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் திறந்தது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் மருத்துவக் குறிப்பை மற்றவருக்குக் கொடுப்பதை அது தடுக்கிறது. நோயாளி எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை. விண்ணப்பத்துக்குத் தகவல் அலுவலர் 14 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதானால் 48 மணித்தியாலம். மறுத்தால் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த உரிமை பிரசைகளுக்கே உரியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கியிராவிட்டால், மாத்தளைத் தோட்டங்களில் சிலருக்கு இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தகுதியே இருந்திருக்காது.

மொழி இன்னும் மிச்சமிருக்கிறது. கட்டிற் சீட்டு ஆங்கிலத்தில், வார்டில் பேச்சு சிங்களத்தில், நோயாளி தமிழில். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள மாவட்டங்களிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும், பார்வையிட உரிமையுள்ள ஆவணத்தின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. தகவல் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, அதே கடிதத்தில் இந்த உறுப்புரையையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையைத் தன் பிரதியில் குத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்த அலுவலகத்திலும் இலக்கம் போடமாட்டார்கள்.