பொம்மைகளில் தொடங்கிய ஆய்வு

ஒடுக்கப்படும் இனமொன்றின் பிள்ளைகள் எவ்வாறு மனமுடையாமல் வளர்கின்றார்கள் என்ற வினா உளவியலில் காலந்தாழ்த்தியே எழுப்பப்பட்டது. ஒடுக்குமுறை அவர்களை எவ்வளவு சிதைக்கின்றது என்பதே முன்னர் கேட்கப்பட்ட வினா. அமெரிக்கக் கறுப்பின மக்கள் பற்றிய ஆய்வுகளில் இவ்வினா மாறிய வரலாறு, அனர்த்தங்களையும் இடப்பெயர்வுகளையும் பற்றிச் செய்தி எழுதியே காலங்கழித்த என் போன்றோருக்கும் பயன்தரக் கூடியது.

கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியர், மூன்று முதல் ஏழு வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளை நிறப் பொம்மைகளையும் கபில நிறப் பொம்மைகளையும் காட்டி, எது நல்ல பொம்மை என வினவினர். பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். இவ்வாய்வு 1947இல் வெளியாயிற்று. பாடசாலைகளில் இனப்பிரிப்பு அரசியலமைப்புக்கு முரணானது என 1954 மே 17ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய பிரவுண் வழக்குத் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பிலே கென்னத் கிளார்க்கின் எழுத்தும் இடம்பெற்றது. நீதியைப் பெறுவதற்குக் காயத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

ஆனால் காயத்தை மட்டுமே காட்டுவதிலும் ஓர் ஆபத்து இருந்தது. 1965இல் தொழில் திணைக்களத்தின் உதவிச் செயலாளராக இருந்த டானியல் பற்றிக் மொய்னிஹான் தயாரித்த அறிக்கை, அடிமைமுறையையும் வேலையின்மையையும் காரணங்களாகக் கூறிய போதிலும், கறுப்பினக் குடும்பத்தையே நோயுற்ற அமைப்பாகச் சித்திரித்தது. பழி, அநீதி இழைத்தோரை விட்டு, அதனை அனுபவித்தோர் மீது இறங்கியது. இதற்கு மறுமொழியாகவே சமூகவியலாளர் ரொபர்ட் ஹில் 1972இல் அக்குடும்பங்களின் பலங்களைத் தொகுத்து நூலாக்கினார். வலுவான உறவுப் பிணைப்பு, உழைப்பில் பற்று, குடும்பப் பொறுப்புகளை மாற்றி ஏற்கும் இயல்பு, முன்னேறும் வேட்கை, சமயப் பற்று என்பன அவர் கண்ட ஐந்து பலங்களாகும்.

இப்பலங்கள் எவ்வாறு தொழிற்பட்டன என்பதற்கு நியூ ஓர்லியன்சில் நடந்ததே சான்று. 1960 நவம்பர் 14ஆம் திகதி ஆறு வயதுச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், வெள்ளையர் மட்டுமே கற்ற பாடசாலைக்கு, சமஷ்டி அரசின் காவலர் புடைசூழச் சென்றாள். வாசலில் கூட்டம் வசைபாடியது. வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட, ஆசிரியை பார்பரா ஹென்றி அவளுக்குத் தனியாகவே கற்பித்தார். அவளைத் தொடர்ந்து சந்தித்து வந்த மனநல மருத்துவர் ரொபர்ட் கோல்ஸுக்கு அவளுடைய நிதானம் புதிராக இருந்தது. தன்னைத் தூற்றியோருக்காக அவள் பிரார்த்தித்து வந்ததையும் அவர் அறிந்தார்.

எனினும், அது ஒரு சிறுமியின் தனித் துணிவு மட்டுமன்று. தந்தை வேலையை இழந்தபோது அயலவர் ஒருவர் வேறு வேலை கொடுத்தார். சிலர் அவ்வீட்டுக்குக் காவலிருந்தனர்; சிலர் காவலரின் வாகனத்தின் பின்னே பாடசாலை வரை நடந்தனர். மீண்டெழும் ஆற்றல் என்று நாம் கூறுவது, பெரும்பாலும், சுற்றியிருப்போர் தாங்கிப் பிடிப்பதையே.

அத்தாங்கலுக்கும் எல்லை உண்டு. ஜோர்ஜியா மாநிலத்தின் கிராமப்புறக் கறுப்பின இளைஞரை ஜீன் புரோடி, கிரகரி மில்லர் முதலானோர் நெடுங்காலம் ஆராய்ந்து, 2015இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. வறிய குடும்பங்களில் பிறந்து, தன்னடக்கம் மிகுந்தவர்களாக வளர்ந்தோரிடம் மனச்சோர்வும் போதைப்பொருள் பாவனையும் குறைவாகவே இருந்தன. ஆயினும் அவர்களுடைய குருதிக் கலங்கள் வயதுக்கு மீறி முதுமையடைந்திருந்தன. வசதியான குடும்பத்து இளைஞரின் தன்னடக்கத்துக்கு இத்தகைய விலை இருக்கவில்லை. வெளியே வெற்றி, உள்ளே உடல் தேய்ந்துகொண்டிருந்தது.

2021 ஒக்டோபரில் அமெரிக்க உளவியல் சங்கம், இனவாதத்துக்குத் தனது துறை துணைபோனமைக்காக மன்னிப்புக் கோரியது. அச்சங்கத்துக்கு முதலாவது கறுப்பினத் தலைவராகக் கென்னத் கிளார்க் தெரிவானதிலிருந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

துன்பத்திலிருந்து எழுந்தவர்களைப் போற்றி எழுதுவது பத்திரிகையாளருக்கு எளிது. வாசகரும் அதனை விரும்புவர். ஆனால் அவர்கள் எழுந்துவிட்டார்கள் என்பதை, வீழ்த்தியவர்கள் தம் பொறுப்பிலிருந்து விலகுவதற்கான சாட்டாக்க இடமளிக்கலாகாது. எழுந்தவர் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதும்போதுதான் அச்செய்தி முழுமை பெறுகின்றது என்பேன்.