கண்ணை உருட்டிய டை ஊசி

லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு டை ஊசி இருக்கிறது. தங்கத்தில் செய்து, எனாமல் பூசி, வைரம் பதித்த ஒரு சிறிய மண்டையோடு. 1867 வாக்கில் பாரிஸில் செய்தது. செய்தவர் ஒகுஸ்த் ஜெர்மேன் கதே-பிகார் என்ற பொற்கொல்லர். அந்தக் காலத்துப் பணக்கார வாலிபர்கள் இப்படிப்பட்ட விபரீதமான ஊசிகளை விரும்பி அணிந்தார்கள் என்பதால், பார்த்தவுடன் இதில் ஒன்றும் அதிசயம் தெரியாது. அதிசயம் இதற்குள் இருந்தது. அணிந்தவர் மனம் வைத்தால் மண்டையோடு கண்ணை உருட்டும். பல்லை நறநறவென்று கடிக்கும். அதை இயக்கியது மின்சாரம்.

இப்போது கைக்கடிகாரத்தின் முகப்பை விரலால் ஒரு தட்டுத் தட்டி மாற்றிக்கொள்கிறார்கள். காலையில் முள் கடிகாரம், மாலையில் பூக்கோலம், ஞாயிற்றுக்கிழமை பேரக்குழந்தையின் படம். இது நம் பேரன் பேத்தி காலத்துப் புதுமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மின்சாரத்தால் தோற்றம் மாறும் அணிகலனின் கதை 150 ஆண்டுகளுக்கும் பழையது. எடிசனின் பல்புக்கும் முந்தியது.

கதே-பிகார் செய்தது தங்க வேலை. அதற்கு உயிர் கொடுத்தவர் குஸ்தாவ் த்ரூவே. 1839ஆம் ஆண்டு பிரான்சில் லா ஏ-தெகார்த் என்ற சிற்றூரில் பிறந்தவர். தத்துவஞானி தெகார்த் பிறந்த ஊரும் அதுதான். இப்போது ஊரின் பெயரே தெகார்த் என்றாகிவிட்டது. த்ரூவே சில காலம் ஆன்ழே நகரத்துத் தொழிற்கல்லூரியில் படித்துவிட்டு பாரிஸ் போய், ஒரு கடிகாரக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். நுண்ணிய பொருட்களைக் கையாளும் பழக்கம் அங்கே வந்திருக்க வேண்டும். பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தார்.

அந்தக் காலத்து மின்கலம் என்றால் கண்ணாடி ஜாடி, அதில் அமிலம், மேலே மூச்சை அடைக்கும் புகை. மேசையை விட்டு நகர்த்த முடியாது. த்ரூவே 1865இல் விரல் அளவுக்கு ஒரு மின்கலம் செய்தார். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் மூடிய ஒரு சிறு குப்பி. அதன் மேல்பாதியில் துத்தநாகமும் கரியும். கீழ்ப்பாதியில் பாதரச உப்புக் கரைசல். குப்பி நிமிர்ந்து நிற்கும்போது கரைசல் உலோகத்தைத் தொடாது. மின்சாரமும் கிடையாது, துத்தநாகமும் கரையாது. குப்பியைச் சாய்த்தால் கரைசல் மேலே போய்த் தொடும், மின்சாரம் பிறக்கும். திரும்ப நிமிர்த்தினால் நின்றுவிடும். ஸ்விட்ச் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை.

இனி டை ஊசியைப் பாருங்கள். குப்பி உட்சட்டைப் பையில் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய கம்பி துணிக்கு உள்ளேயே ஓடி ஊசியை அடைகிறது. மண்டையோட்டுக்குள் ஒரு குட்டி மின்காந்தம். எதிரே ஒரு சீமாட்டி ஊசியைப் பார்த்து, "அழகாக இருக்கிறதே" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவான் சாதாரணமாகப் பைக்குள் கையை விடுகிறார், குப்பியைச் சாய்க்கிறார். மண்டையோடு அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறது. அவள் அலறுகிறாள், அல்லது சிரிக்கிறாள். இவ்வளவுதான் விளையாட்டு. மண்டையோடு மட்டுமல்ல, சிறிய மணியின் மேல் குச்சிகளால் தாளம் தட்டும் முயல் ஒன்றும் இருந்தது. வைரப் பறவை ஒன்றும் இருந்தது. கூந்தலில் செருகிக்கொண்டால் சிறகடிக்கும். பாரிஸில் ஆஸ்திரியத் தூதராக இருந்தவரின் மனைவி மெட்டர்னிஹ் இளவரசி அந்தப் பறவையை அணிந்தார் என்று, 1891இல் த்ரூவேயைப் பற்றிப் புத்தகம் எழுதிய ழோர்ழ் பரால் சொல்கிறார். மூன்றாம் நெப்போலியன் அரசவையில் அந்த அம்மாள் எதை அணிந்தாலும் அது பேச்சாகும். 1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் இந்த 'பிழூ எலெக்த்ரிக்' வைக்கப்பட்டிருந்தது. 'மின் நகைகள்' என்று பொருள்.

இதெல்லாம் வெட்டி ஆடம்பரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே குப்பியைக் கொண்டு த்ரூவே இன்னொரு காரியமும் செய்தார். உடலுக்குள் புதைந்த துப்பாக்கிக் குண்டைத் தேடும் கருவி அது. இரண்டு ஊசிமுனைகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காயத்துக்குள் அதைச் செலுத்தும்போது எலும்பில் பட்டால் ஒன்றும் நடக்காது. ஈயக் குண்டில் பட்டால் இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்சாரம் பாயும். மருத்துவர் கையிலுள்ள பிடி அதிரும். அதன் பிறகு பிளாட்டினக் கம்பியை வெண்சூடாக்கி, அந்த வெளிச்சத்தில் உடலின் உட்பகுதிகளைப் பார்க்கும் பொலிஸ்கோப் என்ற கருவியும் செய்தார். நகைக்காகச் சிறிதாக்கிய மின்சாரம் மருத்துவருக்கும் பயன்பட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருகிறேன்.

இதுவரை சொன்ன நகைகள் அசைந்தனவே தவிர ஒளிவிடவில்லை. ஒளிவிடுவதற்கு எடிசனும் இங்கிலாந்தில் ஸ்வானும் இழை விளக்கைக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1881இல் பாரிஸில் நடந்த சர்வதேச மின்சாரக் கண்காட்சியில் ஊர் உலகமெல்லாம் அந்த விளக்குகளைப் பார்த்தது. அடுத்த ஆண்டே, 1882 நவம்பரில், லண்டன் சவாய் நாடக அரங்கில் 'ஐயோலாந்தி' என்ற இசை நாடகம் அரங்கேறியபோது, தேவதைகளாக வந்த நடிகைகளின் கூந்தலில் குட்டிக் குட்டி மின்விளக்குகள் மின்னின. பேட்டரியை உடைக்குள் மறைத்துச் சுமந்துகொண்டே அவர்கள் ஆடினார்கள். 1883 மார்ச் 26ஆம் தேதி நியூயார்க்கில் வாண்டர்பில்ட் குடும்பத்தார் ஒரு மாறுவேட விருந்து வைத்தார்கள். அதற்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் 'மின்சார விளக்கு' வேடத்தில் வந்தார். பாரிஸில் பேர்பெற்ற வொர்த் நிறுவனம் தைத்த தங்கநிற உடை. உடைக்குள் மறைந்த பேட்டரி. கையில் உயர்த்திப் பிடித்தால் எரியும் தீவட்டி. அந்த உடை நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

த்ரூவேயும் சும்மா இருக்கவில்லை. வண்ணக் கண்ணாடிக் கற்களுக்குப் பின்னால் குட்டி விளக்கை வைத்துக் கொண்டை ஊசி, கைத்தடிப் பிடி என்று செய்தார். மேடைகளில் அவற்றுக்கு வரவேற்பு இருந்தது. ஆனால் வீதிக்கும் வீட்டுக்கும் அவை வரவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பேட்டரி கனமாக இருந்தது; உள்ளே திரவம் இருந்தது; பட்டு உடையில் சிந்தினால் உடை போச்சு. ஒளியும் நெடுநேரம் நிற்காது. அதோடு வீடுகளுக்குள்ளேயே மின்விளக்கு வரத் தொடங்கியதும், தலையில் எரியும் விளக்கைப் பார்த்து வாய் பிளக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பல பத்தாண்டுகள். 1957இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் பேட்டரியில் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து மாத்திரை அளவுக்கு மின்கலம் சுருங்கியிருந்தது. அதே நிறுவனம் 1972இல் பல்சர் என்ற கடிகாரத்தை விற்றது. 18 காரட் தங்கம், விலை 2,100 டாலர். முள் இல்லை, எண் எழுதிய தட்டும் இல்லை. கறுஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வெற்றுச் சதுரம், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் மணி தெரியும். விட்டால் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாக நின்று அணைந்துவிடும். 1973இல் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் ரோஜர் மூர் அதை அணிந்து வந்தார்.

ஏன் பொத்தானை அழுத்த வேண்டும்? எல்.ஈ.டி. எழுத்து எந்நேரமும் எரிந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இங்கேதான் எனக்கு அந்த டை ஊசி ஞாபகத்துக்கு வருகிறது. 1867இல் கனவான் பைக்குள் கையை விட்டுக் குப்பியைச் சாய்த்தார். 1972இல் இன்னொரு கனவான் மற்றக் கையின் விரலால் பொத்தானை அழுத்தினார். இரண்டிலும் காட்சி ஒரு கணம்தான், அதற்கு ஒரு கை வேண்டும். ஒரு கையில் காய்கறிப் பையோ குழந்தையோ இருந்தால் பல்சரில் மணி பார்க்க முடியாது. அந்தக் கடிகாரம் மணி பார்ப்பதற்கு என்பதைவிட மற்றவருக்கு மணி காட்டுவதற்கு உகந்தது என்றே சொல்ல வேண்டும். அந்த வகையில் அது சுத்தமான நகை. அதற்குச் சில ஆண்டுகளிலேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக்கில் அதே மாதிரிக் கடிகாரத்தை 20 டாலருக்கு விற்றது. கண்டவரும் கட்டிக்கொண்டால் பிறகு அது என்ன நகை? மவுசு போய்விட்டது.

அடுத்து வந்தது எல்.சி.டி. இது தானாக ஒளிவிடாது; வெளியிலிருந்து விழும் ஒளியைத் தடுத்தும் விட்டும் எழுத்துக் காட்டும். மின்சாரம் மிகக் குறைவு. ஆகவே 1973இல் செய்கோ கொண்டுவந்த எல்.சி.டி. கடிகாரத்தில் எண்கள் எந்நேரமும் தெரிந்தன. பொத்தானுக்கு விடுதலை. ஆனால் சாம்பல் பின்னணியில் கறுப்பு எண்கள். மணி தெரிந்தது, அழகு போனது. 1980களில் அலுவலகங்களில் பாதிக் கைகளில் அதுதான் இருந்தது. அதை யாரும் நகை என்று சொல்லவில்லை.

அழகும் சிக்கனமும் ஒன்றுசேர மின்தாள் வர வேண்டியிருந்தது. மின்நூல் படிக்கும் கருவிகளில் பலர் பார்த்திருப்பீர்கள். தலைமயிர்ப் பருமனே உள்ள நுண்ணிய உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். ஒரு வகைக்கு நேர்மின்னூட்டம், மற்றதற்கு எதிர்மின்னூட்டம். மின்சாரம் கொடுக்கும்போது ஒரு வகை மேலே வரும், மற்றது கீழே போகும். அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் வந்தது வந்தபடி நிற்கும். மாற்றுவதற்குத்தான் மின்சாரம் தேவை, இருப்பதற்குத் தேவையில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 1997இல் பிறந்த இ-இங்க் நிறுவனம் இதை வணிகத்துக்குக் கொண்டுவந்தது.

மின்தாள் வளையும் என்பதால் அதைக் கையில் சுற்றலாம். செய்கோ நிறுவனம் 2006 வாக்கில் ஸ்பெக்ட்ரம் என்ற பெயரில் காப்பு வடிவத்தில் ஒரு கடிகாரம் செய்தது. மணியோடு, பதித்த ஓடுகள் போன்ற கோலமும் காப்பின்மேல் மாறிக்கொண்டிருக்கும். 500தான் செய்தார்கள். 2014இல் ஜப்பானில் ஃபெஸ் வாட்ச் என்று ஒன்று வந்தது. முகப்பு, பட்டை எல்லாமே மின்தாள். பொத்தானை அழுத்தினால் முழுக் கடிகாரமும் வேறு வேடம் போடும், 24 வேடங்கள். முகம் தெரியாத ஒரு சிறு குழு பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி இதைச் செய்வதாகச் சொல்லப்பட்டது. பின்னால்தான் அது சோனி நிறுவனத்தின் வேலை என்று தெரிந்தது. பெயரைப் பார்த்து வாங்காமல் பொருளைப் பார்த்து வாங்குகிறார்களா என்று சோதித்தார்களாம்.

இந்த நீண்ட கதையில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மாறும் நகைக்கு ஆசைப்படாத தலைமுறை இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் ஆயுளைத் தீர்மானித்தது பேட்டரிதான். மின்சாரம் போன பிறகு மிஞ்சுவது அதைச் சுற்றி இருந்த பொருள். கதே-பிகாரின் மண்டையோடு தங்கமாகவும் எனாமலாகவும் இருந்ததால்தான் இத்தனை ஆண்டு கழித்தும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாண்டர்பில்ட் அம்மாளின் உடையும் தையலுக்காகவே காப்பாற்றப்பட்டது. இன்று கையில் கட்டும் கடிகாரத்தில் பேட்டரி ஓய்ந்து, அதற்குள்ளிருக்கும் மென்பொருளையும் நிறுவனம் கைவிட்டுவிட்டால் மிஞ்சுவது கறுப்புக் கண்ணாடிச் சதுரம். அதைப் பெண்ணுக்கும் பேத்திக்கும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. வாங்கும்போதே இதைத் தெரிந்து வாங்கினால் குறையில்லை.

த்ரூவேயின் முடிவைச் சொல்ல வேண்டும். கையில் பட்ட வெட்டுக்காயம் புரையோடி 1902 ஜூலையில் பாரிஸ் மருத்துவமனையில் இறந்தார். மின்சாரத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டியையும் மின்படகையும் 1881இலேயே ஓட்டிக் காட்டிய மனிதர். சொந்த ஊரில் புதைத்தார்கள். கல்லறை உரிமையைக் காலாகாலத்தில் யாரும் புதுப்பிக்காததால், பிறகு எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டார்கள். அவருடைய ஆவணங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில் இருந்தன. 1980 பிப்ரவரியில் அங்கே ஏற்பட்ட தீவிபத்தில் எரிந்துபோயின. ஆயுள் முழுக்கக் கோப்புகளைக் கட்டிக் காத்தவன் என்பதால் இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஒரு கோப்பு எரிந்தால் ஒரு மனிதரே மறுபடி இறக்கிறார்.

ஆனால் முழுவதும் போய்விடவில்லை. 1883இல் ரூவான் நகரத்து மருத்துவர் போல் எலோவுடன் சேர்ந்து த்ரூவே ஒரு விளக்கு செய்தார். குட்டி பல்பும் அதற்கு முன் ஒரு வில்லையும். நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். மருத்துவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே வெளிச்சம் விழும், இரண்டு கையும் காலியாக இருக்கும். அடுத்த முறை காது மூக்கு தொண்டை மருத்துவர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு "வாயைத் திறங்க" என்னும்போது, அந்த வெளிச்சத்துக்கும் கண்ணை உருட்டிய டை ஊசிக்கும் ஒரே பட்டறைதான் பிறப்பிடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.