நோவா பிரசிலியா வழக்கு

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் காவல் துறை நடத்திய இரண்டு தேடுதல் வேட்டைகள் குறித்து, அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2017 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த வழக்கு.

பின்னணி

நோவா பிரசிலியா, நகரின் வடபகுதியில் அலெமாவோ குன்றுகளில் அமைந்த குடிசைப் பகுதி. 1994 அக்டோபர் 18, 1995 மே 8 ஆகிய நாள்களில் அங்கே புகுந்த காவலர்கள் ஒவ்வொரு முறையும் 13 பேரைக் கொன்றனர். முதல் வேட்டையில் மூன்று இளம்பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். சாவுகள் 'போலீசை எதிர்த்ததால் நேர்ந்தவை' என்று பதிவாயின. இதனால் கொன்றவரை விட்டுவிட்டு, செத்தவர் குற்றவாளியா என்பதையே விசாரணை துருவியது. அதை நடத்தியதும் அதே காவல் துறைதான். 1995 முதல் 1998 வரை 'துணிச்சல்' காட்டிய காவலருக்கு மாநில அரசு ஊதிய உயர்வும் அளித்தது. காலவரம்பு கடந்ததாக 2009இல் கோப்புகள் மூடப்பட்டன.

தீர்ப்பு

நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பிரேசில் ஏற்றது 1998 டிசம்பரில்தான். ஆகவே கொலைகளைப் பற்றி அதனால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பாரபட்சமற்ற விசாரணை நடக்காததற்கே அரசைப் பொறுப்பாக்கியது. போலீஸ் கொல்லும் வழக்குகளைத் தொடர்பற்ற அமைப்பே விசாரிக்க வேண்டும், சாவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், ரியோவில் கொலைகளைக் குறைக்க இலக்கு வகுக்க வேண்டும் என ஆணையிட்டது.

விளைவுகள்

மூடப்பட்ட கோப்பு மீண்டும் திறக்கப்பட்டு, 1994 கொலைகளுக்காகக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களை 2021இல் ரியோ ஜூரி மன்றம் விடுவித்தது. ஆனால் குடிசைப் பகுதி வேட்டைகளை எதிர்த்து 2019இல் பிரேசில் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்குக்கு 2017 தீர்ப்பு ஓர் அடித்தளமானது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூனில், நீதிபதி எட்சன் ஃபக்கின் வேட்டைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார். 2022இல் உச்ச நீதிமன்றம், சாவுகளைக் குறைக்கும் திட்டத்தையும் காவலர் சீருடையில் கேமராவையும் கோரியது. ரியோ மாநிலத்தில் 2019இல் 1,814 ஆக இருந்த போலீஸ் கொலைகள் 2023இல் 900க்குக் கீழே இறங்கின.

இறக்கம் சீராக இல்லை. அந்தக் கட்டுப்பாடு நடப்பில் இருந்தபோதே, 2021 மே 6 அன்று ஜக்கரேசின்யோவில் 28 பேர் மாண்டனர். 2025 அக்டோபர் 28 அன்று அலெமாவோ, பென்யா பகுதிகளில் நடந்த வேட்டையில் 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரேசில் வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த போலீஸ் நடவடிக்கை அதுவே.

மதிப்பீடு

பன்னாட்டு நீதிமன்றத்துக்குச் சொந்தப் படையோ சிறையோ கிடையாது. உள்நாட்டு நீதிமன்றம் அதன் ஆணையைக் கையில் எடுத்த ஆண்டுகளில் சாவுகள் குறைந்தன. மாநில அரசு மறுபடி வேட்டைக்கு இறங்கியபோது, அந்த ஆணையால் மட்டும் அதைத் தடுக்க முடியவில்லை.