மூக்கில் விட்ட உப்புத் தண்ணீர்

இன்று நான் பேசப்போவது மூக்கைப் பற்றி. சிரிக்காதீர்கள்! ஒரு தவறைத் திருத்திக்கொள்ளத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். அந்தத் தவறு என் வாயிலிருந்துதான் வந்தது.

சில மாதங்களுக்கு முன் நேரலையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினேன். சளி, இருமலுக்கு வீட்டு வைத்தியம் என்பது தலைப்பு. உப்பு கலந்த நீரால் மூக்கைக் கழுவும் முறை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இது ஐயாயிரம் வருடமாக நம் பாட்டிமார்கள் செய்து வந்த வைத்தியம்" என்று அடித்துவிட்டேன். தொலைக்காட்சியில் ஐயாயிரம் வருடத்துக்குக் குறைவாகச் சொன்னால் மரியாதை இல்லை போலிருக்கிறது! அப்போது பத்து காஜாவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தங்கச்சி, பைப் தண்ணி போதுமா, சுட வைக்கணுமா?" என்று கேட்டார். நிகழ்ச்சி முடிய அரை நிமிடம்தான் இருந்தது. "போதும்மா, சுத்தமான தண்ணியா இருந்தா சரி" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

இரண்டு வாக்கியம், இரண்டும் தவறு. முதலாவது வரலாற்றுப் பிழை, யாருக்கும் உடம்பு வலிக்காது. இரண்டாவது ஆளையே கொண்டுபோகக்கூடிய பிழை. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன், ஏனென்றால் "பழசு, ஆகவே பத்திரம்" என்ற நினைப்பில்தான் அந்த இரண்டாவது பதிலும் என் வாயில் வந்தது.

முதலில் பாட்டி. என் பாட்டி பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலைப் பனியில் பெரட்டுக்கு நின்று, ஈரத்தில் மரம் வெட்டி, மூக்கு ஒழுகிக்கொண்டேதான் காலம் தள்ளினார். அவரிடம் சளிக்கு மருந்து என்னென்ன இருந்தது தெரியுமா? நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை முகர்வார். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து மூக்கருகே வைப்பார். கோடாலித் தைலம் எப்போதும் இடுப்பில் இருக்கும். தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார். ஆனால் மூக்கில் தண்ணீர் விட்டதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. "மூக்கில தண்ணி ஏறினா மண்டைக்குப் போயிடும்" என்று எங்களை ஆற்றில் முங்கவே விடமாட்டார்.

அப்படியானால் சித்த மருத்துவத்தில் மூக்குக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. நசியம் என்பது முப்பத்திரண்டு புற மருந்துகளில் ஒன்று. ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை நசியம் செய்துகொள்ளச் சொல்கிறார் தேரையர். ஆனால் நசியம் என்பது மூலிகைச் சாறோ தைலமோ சில துளிகள் மூக்கில் இடுவது. ஒரு பாத்திரம் நீரை ஒரு துளையில் ஊற்றி மறு துளையில் வெளியேற்றும் வேலை அல்ல.

சரி, யோகம்? 'நேதி' என்ற சொல் 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகையில் இருக்கிறது. அதில் நேதி என்பது நூல்! எண்ணெய்ப் பசையுள்ள ஒரு சாண் நூலை மூக்கில் நுழைத்து வாய் வழியே எடுக்க வேண்டும். படிக்கும்போதே தும்மல் வருகிறது. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதையில் மூக்கால் நீரை உறிஞ்சி வாயால் விடும் பயிற்சி ஒன்று வருகிறது. அதற்கு அந்த நூல் வைத்த பெயர் நேதி அல்ல, கபாலபாதியின் ஒரு வகை என்கிறது. உப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

உப்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை கப்பலேறிப் போகிறது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், ஒரு நாசியில் விட்ட நீர் தொண்டைக்கு இறங்காமல் மறு நாசி வழியாக வெளியே வரும் என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த வேபர் என்ற உடலியல் அறிஞர் கவனித்தார். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் தொழில் செய்த துடிக்கம் என்ற மருத்துவர் அதைச் சிகிச்சை முறையாக்கி 1864இல் லான்செட் இதழில் எழுதினார். வெறும் நீர் மூக்கில் எரியும், உடம்பின் உப்பளவுக்கு நெருங்கிய நீர் எரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச காலத்தில், வேகமாக அடித்தால் நீர் காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கிறது என்ற எச்சரிக்கையும் மருத்துவர்களிடமிருந்தே வந்தது.

இப்போது பத்து காஜாவுக்குத் திரும்புவோம். பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ராயா ஆற்றோரம், கெல்லிஸ் கோட்டை நிற்கிறது. நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் பேய்க்கதை கேட்டுவிட்டு வந்திருப்போம். ஸ்காட்லாந்திலிருந்து 20 வயதில் மலாயாவுக்கு வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பரில் சம்பாதித்துக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. வேலை 1915 வாக்கில் தொடங்கியது. செங்கலும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கைவினைஞர்கள் மெட்ராஸிலிருந்து வந்தார்கள், நம் ஆட்கள்.

1918இல் உலகைச் சுற்றிய 'ஸ்பானிஷ் காய்ச்சல்' மலாயாவுக்கு இரண்டு அலைகளாக வந்தது. ஆண்டின் நடுவில் வந்த முதல் அலை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. அக்டோபர் வாக்கில் வந்த இரண்டாவது அலைதான் ஆட்களை வாரிக்கொண்டு போனது. தோட்டங்களில் அடி பலம். கெல்லிஸ் கோட்டை வேலையாட்களில் எழுபது பேர் வரை மாண்டதாக உள்ளூரில் சொல்வது வழக்கம். மிஞ்சியவர்கள் துரையிடம் போய் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டித்தரக் கேட்டார்கள். துரை கட்டிக்கொடுத்தார். நன்றிக்கடனாக, சாமி சிலைகளுக்கு நடுவே துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகத் துரை நிற்பார்.

இந்தக் கதையை மற்றவர்கள் துரையின் தாராள மனசுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஊர்விட்டு ஊர் வந்த மனிதர்கள், பக்கத்தில் படுத்தவன் மூன்று நாளில் மூச்சுத்திணறிச் சாவதைப் பார்த்துவிட்டு, கேட்டது என்ன? மருந்தைக் கேட்கவில்லை, அம்மனைக் கேட்டார்கள். மருந்து இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உண்மையிலேயே இல்லை. அந்தக் காய்ச்சல் வைரஸால் வருகிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் இருந்த பெரிய மருத்துவர்களே, உப்பு நீரையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரையும் மூக்கால் உறிஞ்சிச் சிந்துங்கள், தொண்டையைக் கொப்பளியுங்கள் என்றுதான் மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாருங்கள், நான் பாட்டி வைத்தியம் என்று முழங்கியது 1918இல் வெள்ளைக்கார டாக்டரின் வைத்தியம்!

அந்த உப்பு நீர் கெல்லிஸ் கோட்டை ஆட்களுக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார்களா? இல்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காய்ச்சலுக்குப் பின்னால் நுரையீரலில் இறங்கிய நிமோனியா. அதற்கான பெனிசிலின் 1940களில்தான் நோயாளிகளின் கைக்கு எட்டியது. மூக்கைக் கழுவி நுரையீரலைக் காப்பாற்ற முடியாது. ஒரே அறையில் அடுக்கிப் படுக்காமல் தள்ளிப் படுக்க இடம், வேலைக்குப் போகாமல் கிடக்க விடுப்பு, கஞ்சி வைத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்திருந்தால் சிலர் தேறியிருக்கலாம். லயத்து வாழ்க்கையில் அந்த மூன்றும் அரிது.

விதியைப் பாருங்கள். கோட்டைக்கு மின்தூக்கி வாங்கப் போன ஸ்மித், 1926 டிசம்பரில் லிஸ்பனில் இறந்தார். அவரைக் கொண்டுபோனதும் நிமோனியாதான். கோட்டை பாதியில் நின்றது.

வைரஸ் என்று உறுதியானது 1933இல். லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர், காய்ச்சல்காரர்கள் தொண்டையைக் கொப்பளித்த நீரை வடிகட்டி, ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணியின் மூக்கில் இட்டார்கள். அதற்கும் காய்ச்சல் வந்தது. கொப்பளித்துத் துப்பிய நீரில்தான் குற்றவாளி பிடிபட்டான்.

இனி, உப்பும் யோகமும் எப்படிக் கைகோத்தன என்பதற்கு வருகிறேன். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற இளைஞர் மருத்துவம் கற்று, 1913இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலும் 1923 வரை வேலை பார்த்தார். அதாவது 1918இல் அவர் இங்கே, நம் மண்ணில், தோட்டத்து மக்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேஷம் போய்த் துறவியானார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய சீடர் சத்தியானந்தர் பீகாரில் முங்கேர் நகரில் யோகப் பள்ளி நடத்தி, 1969இல் வெளியிட்ட ஆசன நூலில் ஜலநேதியை உப்பு கலந்த வெதுவெதுப்பான நீர், மூக்கு வைத்த லோட்டா சகிதம் விளக்கினார். இன்று யோகா வகுப்பில் நமக்குச் சொல்லித்தரும் ஜலநேதி பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். பழைய நூலின் பெயர், நவீன மருத்துவத்தின் உப்பு. கலப்பு என்பதால் மதிப்புக் குறைவில்லை. தோசையில் உருளைக்கிழங்கு வைத்துச் சாப்பிடுகிறோமே, உருளைக்கிழங்கு என்ன சோழர் காலத்ததா?

பலன் உண்டா? உண்டு, அளவோடு உண்டு. மூக்கின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் சளியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சளி கெட்டியானால் அவை திணறும். உப்பு நீர் சளியை இளக்கி, தூசியையும் கிருமியில் ஒரு பகுதியையும் அலசி விடுகிறது. 2019இல் எடின்பரோவில் 66 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், உப்பு நீரால் மூக்கைக் கழுவி வாய் கொப்பளித்தவர்களுக்குச் சளி கிட்டத்தட்ட இரண்டு நாள் முன்னதாக விட்டது. 2024இல் பிரிட்டனில் 13,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. அது கழுவுவதைப் பற்றியது அல்ல, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே பற்றியது. வழக்கமான கவனிப்பில் ஆறு மாதத்தில் சராசரி 8.2 நாள் நோயில் கிடந்தார்கள், உப்பு நீர் ஸ்பிரே அடித்தவர்கள் 6.4 நாள். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆக, இரண்டு நாள் லாபம். நாள் சம்பளக்காரருக்கு இரண்டு நாள் சின்ன விஷயமா?

ஆனால் 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில், "உப்பு நீரில் மூக்கைக் கழுவினால் கொரோனா வரவே வராது" என்று கைப்பேசியில் சுற்றியதே, அதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொன்னது. வராமல் தடுப்பது வேறு, வந்த சளியைச் சீக்கிரம் விரட்டுவது வேறு. மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், காய்ச்சல் விடாவிட்டால் லோட்டாவை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது தவறு. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் குழாய் நீரால் மூக்கைக் கழுவி இறந்துபோனார்கள். நெக்லேரியா என்ற அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அதைக் குடித்தால் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். மூக்கின் மேல்பகுதிக்குப் போனால், வாசனை நரம்பு வழியே நேராக மூளைக்கு ஏறிவிடும். வந்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தியில் அடிபட்டதில் இதுவும் ஒன்று. அரிய நோய்தான், பயமுறுத்தவில்லை. ஆனால் கிணற்று நீர், ஆற்று நீர், நம் கிந்தா பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் கிடக்கும் பழைய ஈய லம்பக் குட்டைகளின் நீர் எதையும் மூக்கில் விடக்கூடாது. பைப் நீரையும் அப்படியே விடக்கூடாது. "மண்டைக்குப் போயிடும்" என்று சொன்ன என் பாட்டி, காரணம் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்!

மறு வாரமே நிகழ்ச்சியில் திருத்தம் சொன்னேன். அந்த அம்மா அதைப் பார்த்தாரா தெரியவில்லை. எண்ணைக் குறித்து வைக்கவில்லை, பெயரும் சரியாகக் காதில் விழவில்லை. இந்தப் பேச்சு வார இறுதிப் பக்கத்தில் அச்சாகும் என்றார்கள். பத்து காஜாவில் இந்தப் பத்திரிகை போகாத தெரு குறைவு. அதனால் அவருக்கே சொல்கிறேன்:

அக்கா, தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது அப்படியே கொதிக்கட்டும். மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள். கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகச் சிந்தாதீர்கள், காது வலிக்கும். பாத்திரத்தைக் கழுவிக் காய வையுங்கள். பைப் தண்ணீர் போதும் என்று அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அக்கா.