1966 கோடைத் திட்டமும் தொலைந்துபோன மூன்றாம் வகையும்

கணினிப் பார்வையின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கதையில் இருந்துதான் தொடங்குகிறார்கள். 1966இல் எம்.ஐ.டி.யில் மார்வின் மின்ஸ்கி தம் இளநிலை மாணவர் ஜெரால்ட் ஜே சஸ்மனிடம், ஒரு கேமராவைக் கணினியோடு இணைத்து, அது பார்ப்பதை அதன் வாயாலேயே சொல்ல வைக்கும் வேலையைக் கோடை விடுமுறைக்கென்று கொடுத்தாராம். ரிச்சர்ட் ஸெலிஸ்கியின் புகழ்பெற்ற பாடநூல் (முதற்பதிப்பு 2010) முதல் அத்தியாயத்திலேயே இதை எடுத்துச் சொல்கிறது. தர்க்கமும் திட்டமிடலும்தான் கடினம், பார்ப்பது அதற்கு முந்தைய எளிய படி என்று முன்னோடிகள் நினைத்தார்கள், அந்தக் கணக்குத் தப்பியது என்பது அவருடைய வாசிப்பு. இத்துறையில் நுழையும் மாணவர்களில் கணிசமானோர் முதலில் கையிலெடுப்பது இந்நூலையே என்பதால், அவருடைய வாசிப்பே துறையின் பிறப்புக் கதையாக நிலைத்துவிட்டது.

அதை ஏற்க இயலாது என்பதற்கான முதல் சான்று ஸெலிஸ்கியின் நூலிலேயே இருக்கிறது. கதைக்கு அவர் தரும் ஆதாரம் மார்கரெட் போடன் 2006இல் வெளியிட்ட நூல். போடனோ டேனியல் கிரெவியரின் 1993ஆம் ஆண்டு நூலைச் சுட்டுகிறார் என்பதை ஸெலிஸ்கியே அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறார். உண்மையான திட்டக் குறிப்பை எழுதியவர் சீமோர் பேப்பர்ட் என்பதும், அதில் ஒரு மாணவர் குழுவே ஈடுபட்டது என்பதும் அதே அடிக்குறிப்பில் வருகின்றன. ஆக, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுக்கும் அவர் காட்டும் மூல அச்சு ஆதாரத்துக்கும் இடையே 27 ஆண்டுகள். கதை நூலின் உடலில் நிற்கிறது, திருத்தம் அடியில் கிடக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். பாடநூலுக்கு நல்ல தொடக்கம் வேண்டும், அந்தத் தேவை எனக்கும் புரிகிறது. ஆனால் எழுதியவர் யார் என்பதை மட்டும் திருத்திவிட்டு வாசிப்பை அப்படியே விட்டுவைத்ததுதான் குறை. குறிப்பைப் படித்தால் வாசிப்பும் மாற வேண்டியிருக்கிறது.

கதையின் ஆண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பரவலாகச் சுற்றும் வடிவங்கள் சிலவற்றில் சஸ்மன் முதலாண்டு மாணவர். அவர் எம்.ஐ.டி.யில் 1964 முதல் இருந்தவர், 1968இல் இளநிலைப் பட்டம் பெற்றவர். அப்படியானால் 1966 கோடையில் அவர் இரண்டு ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும். ஒன்று, 'முதலாண்டு' என்பது சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட அலங்காரம்; அல்லது மின்ஸ்கி பேசியது 1965 கோடையில், அது பின்னால் 1966 திட்டத்தோடு கலந்துவிட்டது. நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். இத்தகைய கதைகளில் மாணவரின் வயது ஏறுவதில்லை, இறங்கத்தான் செய்யும். ஆனாலும் பின்னதை ஒதுக்கிவிட முடியவில்லை. 1966 ஜூலை 7 தேதியிட்ட திட்டக் குறிப்பு, இந்தப் பணி தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது என்று இறந்த காலத்தில் பேசுகிறது. முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டது என்பது தெளிவு. ஒரு வாரம் முன்பா, ஓராண்டு முன்பா என்பதற்கு அதில் விடை இல்லை. இந்தக் கேள்வியை இப்போதைக்குத் திறந்தே விடுகிறேன்.

இனி குறிப்பு. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் குழுவின் வரிசையில் 100 என்ற எண் பெற்ற, சில பக்கங்களே உள்ள தட்டச்சுப் படி அது. பார்வையைத் தீர்த்துவிடலாம் என்ற பேச்சில் அது தொடங்கவில்லை; கோடைக்கால ஊழியர்களைப் பயனுள்ள வகையில் எப்படி வேலை வாங்குவது என்பதில் தொடங்குகிறது. பணியைத் துணைச் சிக்கல்களாகப் பிரித்துவிடலாம், ஒவ்வொருவரும் தனித்தனியே வேலை செய்தாலும் பெரிய அமைப்பொன்று உருவாகும் என்பதே தேர்வுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதாவது, ஆய்வாளர் ஒருவர் தம் மாணவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த தாள் அது. தாளில் 'வடிவ அறிதல்' என்ற தொடர் மேற்கோள் குறிக்குள் வருவதையும் கவனிக்கலாம். பேப்பர்ட்டும் மின்ஸ்கியும் மூன்றாண்டு கழித்து, எடுத்துக்காட்டுகளிலிருந்து வடிவங்களை அறியக் கற்கும் பெர்செப்ட்ரான் வழியைக் கடுமையாக விமர்சித்து நூல் வெளியிட்டவர்கள். அந்தக் குறிகளில் ஒரு விலகல் தொனிக்கிறது என்றே படுகிறது, நிரூபிக்க முடியாவிட்டாலும்.

எது எளிது, எது கடினம் என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஜூலை மாதத்துக்கான இலக்கு பந்து, செங்கல், உருளை போன்றவை. ஒன்றையொன்று மறைக்கக் கூடாது, ஒவ்வொரு முகமும் ஒரே சீரான நிறமோ பரப்போ கொண்டிருக்க வேண்டும், பின்புலமும் சீராக இருக்க வேண்டும். ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்ன? எழுத்தும் வண்ணப்பட்டைகளும் கொண்ட சிகரெட் பெட்டி, உருளை வடிவ பேட்டரி. அதற்கும் அப்பால் கருவிகள், கோப்பைகள். அச்சிட்ட எழுத்து தன் விளிம்புகளால் பெட்டியின் விளிம்பைத் திருடிவிடும் என்று தெரிந்தவர்தான் சிகரெட் பெட்டியை அடுத்த மாதத்துக்கு ஒதுக்குவார். கால அளவில் அவர்கள் ஏமாந்தது உண்மை, அதை மறுக்க வரவில்லை. கடினத்தின் படிவரிசையில் அவர்கள் ஏமாறவில்லை. ஸெலிஸ்கியின் வாசிப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

என் வாதத்தின் மையம் குறிப்பின் வேறோர் இடத்தில் இருக்கிறது. கேமராப் படத்தை மூவகைப் பகுதிகளாகப் பிரிப்பதே முதன்மை இலக்கு என்கிறது அது: பொருளாக இருக்கக்கூடியவை, பின்புலமாக இருக்கக்கூடியவை, குழப்பம். பகுதிகளின் வடிவத்தையும் பரப்பையும் விவரிப்பது அதற்கு அடுத்த படி. தெரிந்த பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வது கடைசிப் படி. இந்த 'குழப்பம்' என்ற மூன்றாம் வகையைப் பற்றி நான் பார்த்த வரலாறுகள் எதுவும் பேசவில்லை. இயந்திரம் தன் விடையிலேயே 'இந்த இடம் எனக்குப் பிடிபடவில்லை' என்று ஒரு பரப்பைச் சுட்டிக்காட்ட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எது பொருள், எது பின்புலம் என்பதைக்கூட 'இருக்கக்கூடியது' என்றுதான் குறித்திருக்கிறார்கள். பார்ப்பது எளிது என்று நினைத்தவரின் கையெழுத்தாக எனக்கு இது தெரியவில்லை.

இந்த வகை ஏன் தேவைப்பட்டது? கருவியைப் பார்த்தால் ஓர் ஊகம் கிடைக்கிறது. குறிப்பில் பேசப்படும் விடிசெக்டர், இன்றைய கேமராபோல முழுப் படத்தை ஒரே நேரத்தில் பிடித்துக் கொடுப்பதன்று. அதன் குழாய் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நிரல் கேட்கும் புள்ளியின் ஒளியளவை மட்டும் அந்தக் கணத்தில் அளக்கும். மங்கலான புள்ளி என்றால் நம்பகமான அளவு கிடைக்கக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட கருவியில் எங்கே பார்ப்பது, எங்கே திரும்பப் போய்ப் பார்ப்பது என்பது நிரலின் முடிவு. குழப்பம் என்று குறித்த பகுதி, மறுபடி போய்ப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலாகவும் பயன்பட்டிருக்கும். குறிப்பு இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கருவியும் அந்த வகைப்பாடும் ஒரே குறிப்பில் சேர்ந்து வருபவை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடுபவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பேன்.

அடுத்த இரண்டாண்டுகளிலேயே குழப்பம் மறைகிறது. அதே எம்.ஐ.டி.யில் அடோல்ஃபோ குஸ்மான் 1968இல் முடித்த ஆய்வேட்டின் 'ஸீ' நிரல், கோட்டோவியத்தின் பகுதிகளை அவை சந்திக்கும் முனைகளின் வகையை வைத்துப் பொருள்களாகத் தொகுத்தது. அம்புமுனை, கவட்டை முனை என்று ஒவ்வொன்றும் எந்தப் பகுதிகள் சேர்ந்தவை என்பதற்கு ஒரு சாட்சி. பெயர் தெரியாமலே பொருளைப் பிரிப்பது என்ற அளவில் அது கோடைத் திட்டத்தின் நேர் வாரிசு. ஆனால் உள்ளே வந்தது ஏற்கெனவே துப்புரவாக்கிய கோடுகள். சுத்தமான கோட்டில் குழப்பத்துக்கு இடமேது? 1963இல் லாரி ராபர்ட்ஸ் செய்த திண்மப் பொருள் ஆய்வு முதல் 1970களின் 'கட்டை உலகம்' (எளிய கட்டைகள் மட்டுமே கொண்ட காட்சிகள்) வரை நடந்தது எல்லோரும் அறிந்ததே, இங்கே விரிக்கவில்லை. டேவிட் மார் இறந்தபின் 1982இல் வெளிவந்த நூல், பகுதி என்பதும் பொருள் என்பதும் ஒன்றே என்ற நம்பிக்கையை அடித்தளத்திலேயே கேள்விக்குள்ளாக்கியது. மூக்கைப் பொருள் என்பதா, தலையையா, குதிரைமேல் இருக்கும் ஆளையா என்ற வகையில் போகிறது அவர் கேள்வி. இதற்குப் பிறகு 'முதலில் பிரி, பிறகு பெயரிடு' என்ற வரிசை பழைய தெம்போடு எழவில்லை.

2001இல் வயோலாவும் ஜோன்ஸும் அந்த வரிசையையே தலைகீழாக்கினார்கள். 24க்கு 24 பிக்சல் அளவில் ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு, படத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் அளவிலும் வைத்து 'இது முகமா' என்று கேட்டார்கள். பெயர் முதலில், பகுதி பிறகு. 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் கணினியில் நொடிக்கு 15 படங்கள் ஓடின. பெரும்பாலான சதுரங்கள் முதல் ஓரிரு சோதனைகளிலேயே கழிந்துபோகும்; வேகத்தின் இரகசியம் அதுதான். ஆனால் கழிந்தவை யாவும் ஒரே பையில் விழுந்தன. சுவர், மரம், பாதி மறைந்த முகம், மங்கலான முகம், எல்லாமே 'முகமல்ல'. மூன்று வகை இரண்டானது.

வகை முழுவதுமாக அழிந்துவிடவில்லை, இடம் மாறிக்கொண்டது என்பதே என் முடிபு. 2014இல் கிர்ஷிக்கும் உடனாசிரியர்களும் வெளியிட்ட ஆர்-சிஎன்என் முறை, பெயர் தெரியாத சுமார் 2000 பகுதிகளை முதலில் முன்வைத்துப் பிறகு அவற்றுக்குப் பெயரிட்டது. 'முதலில் பிரி, பிறகு பெயரிடு' என்ற பழைய வரிசை திரும்பி வந்ததுபோல இருக்கிறது. கூர்ந்து பார்க்க வேண்டியது அதன் பயிற்சி முறையை. வகைப்படுத்தியைப் பயிற்றும்போது, மனிதர் வரைந்த சரியான பெட்டிகள் மட்டுமே ஆம் என்பதற்கு எடுத்துக்காட்டு. அவற்றோடு 0.3க்குக் குறைவாக மேற்படிபவை இல்லை என்பதற்கு. இடையில் இருப்பவை கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை. 2015இன் ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் முறையில், பகுதிகளை முன்வைக்கும் வலையமைப்புக்கு 0.7க்கு மேல் ஆம், 0.3க்குக் கீழ் இல்லை, நடுவில் உள்ளவை பெரும்பாலும் பயிற்சியில் பங்கேற்கமாட்டா. தரவுத் தொகுப்புகளிலும் இதே கதை: பாஸ்கல் போட்டித் தொகுப்பில் 'கடினம்' என்ற அடையாளம், சாலைக் காட்சிகளுக்கான கிட்டி தொகுப்பில் 'பொருட்படுத்தாதே' என்ற பெட்டிகள், கோக்கோ தொகுப்பில் கூட்டத்துக்கென்று தனிக்குறி. இவை எல்லாம் குழப்பத்தின் வாரிசுகள். ஆனால் 1966இல் குழப்பம் என்று சொல்ல வேண்டியது இயந்திரம். இப்போது மனிதர் முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்தை இயந்திரத்தின் கண்ணிலிருந்தும் மதிப்பெண் கணக்கிலிருந்தும் எடுத்துவிடுகிறார்.

நம்பிக்கை மதிப்பெண் இருக்கிறதே, குறைந்த மதிப்பெண்தானே குழப்பம் என்று எதிர்வாதம் வரும். ஏற்பதற்கில்லை. 'நாய், 0.4' என்பது நாய் என்ற பெயரின் மீதான ஐயம். அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்ற கூற்று அன்று. 2016இன் யோலோ என்ற முறை, பெட்டிக்குள் பொருள் உண்டா என்பதற்கு ஒரு மதிப்பெண்ணையும், எந்த வகை என்பதற்கு வேறொன்றையும் கணக்கிடுவது இதற்கு ஓரளவு கிட்டே வருகிறது. ஆனால் இறுதியில் இரண்டும் பெருக்கப்பட்டு ஒரே எண்ணாகிவிடுகின்றன.

நகரும் பொருளைப் பின்தொடரும் தடமறிதல் இந்தக் கால்வழியில் வராததற்குக் காரணம் எளிது. புள்ளி புள்ளியாக அளக்கும் விடிசெக்டரின் முன் பந்து அசையாமல் இருக்க வேண்டும். தடமறிதல் ரேடார் திரையிலிருந்து வந்தது. 1960இன் கால்மன் வடிப்பானும் 1979இல் டொனால்ட் ரீட் வெளியிட்ட பல கருதுகோள் முறையும் பொருளுக்குப் பெயர் கேட்பதில்லை. ரீடின் முறை ஒவ்வோர் அளவையும் பழைய தடமா, புதிய பொருளா, பொய்யான ஒளிப்பொட்டா என்று பல ஊகங்களாகத் தொங்கவிட்டு, அடுத்தடுத்த அளவுகள் வரும்வரை முடிவைத் தள்ளிப்போடும். கோடைத் திட்டத்துக்கு மனத்தளவில் நெருங்கியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்ல ஆவணச் சான்று ஏதும் என் கையில் இல்லை.

2013இல் ஷெய்ரரும் உடனாசிரியர்களும் முன்வைத்த திறந்த தொகுதி அடையாளங்காணல், 'எனக்குத் தெரிந்த எதுவும் அல்ல' என்று சொல்லும் உரிமையை இயந்திரத்துக்குத் திருப்பித் தந்தது. குழப்பத்தின் மீட்சியாக இதைக் கொள்ளலாமா? தயக்கம் இருக்கிறது. அங்கே மறுக்கப்படுவது வெட்டித் தரப்பட்ட ஒரு படத்தின் பெயர். பேப்பர்ட்டின் குறிப்பில் குழப்பம் என்பது இன்னும் வெட்டப்படாத பரப்பின் நிலை. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த, பகுதி பிரித்தலுக்கும் பெயர் மறுத்தலுக்கும் நடுவே 2013க்குப் பின் வந்த முறைகளைத் தனியே ஆராய வேண்டும்.