'வென்ட்' எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் மாட்டிக்கொள்வது 'கோ – வென்ட் – கான்' வாய்ப்பாட்டில்தான். 'வாக்' என்றால் 'வாக்டு', 'ஜம்ப்' என்றால் 'ஜம்ப்டு' என்று நேராகப் போகும் மொழி, 'சிங் – சேங் – சங்' என்று திடீரெனப் பாதை மாறுகிறது. மாணவர்களை வதைக்க யாரோ உட்கார்ந்து செய்த சதி போலத் தோன்றும்! உண்மையில் இவைதான் அந்த மொழியின் பழைய குடிகள்.

உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டுவது ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பே இருந்த வழக்கம். ஜெர்மன் மொழியிலும் 'சிங்கன் – சாங் – கெசுங்கன்' என்றுதான் வரும். சொல்லின் இறுதியில் 'டு' ஒலியைச் சேர்ப்பது, ஜெர்மானிய மொழிகளில் பின்னால் உண்டான சுலப வழி. ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் (ஆம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான்) முதல் வகையை வலுவான வினை என்றும், இரண்டாவதைப் பலவீனமான வினை என்றும் பெயரிட்டார். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் ஜெயித்தது பலவீனமானதுதான்!

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையில் பிரெஞ்சு அமர்ந்தது. அங்கிருந்து வந்து குவிந்த புதிய வினைகள் பெரும்பாலும் 'டு' போட்டுக்கொண்டன. பழைய வினைகளும் ஒவ்வொன்றாகக் கட்சி மாறின. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒரு காலத்தில் 'ஹோல்ப்'. 'க்ளைம்' என்பதற்கு 'க்ளோம்'. இன்று இவற்றை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

எதிர்த்திசையில் போனவையும் உண்டு. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'டிக்டு' என்றே இருக்கிறது. இன்றைய 'டக்' அதன்பின் நிலைபெற்ற வடிவம். 'கேட்ச்' பிரெஞ்சிலிருந்து வந்த விருந்தாளி. ஆனாலும் உள்ளூர்ச் சொல் ஒன்றைப் பார்த்து 'காட்' என்று மாறிக்கொண்டது.

சரி, 'வென்ட்'? அது 'கோ'வின் பிள்ளையே அல்ல. திரும்பு, செல் என்ற பொருளுடைய 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம் அது. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு இருந்த இறந்தகால வடிவம் வழக்கொழிந்ததும், அந்தக் காலி நாற்காலியில் இது வந்து அமர்ந்துகொண்டது.

ஏன் சில வினைகள் மட்டும் தப்பின? 2007இல் 'நேச்சர்' இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று மிஞ்சியவை 98. ஒரு வினை நூறு மடங்கு குறைவாகப் புழங்கினால், அது பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்கு வந்துவிடுகிறதாம். தினமும் வாயில் புரளும் சொல்லைக் குழந்தை கேட்டுக் கேட்டே மனதில் பதித்துக்கொள்கிறது. எப்போதோ கேட்கும் சொல்லுக்கு விதியைப் பூட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையாகவே இருப்பது இதனால்தான்.

'கோடு' என்று உளறும் இங்கிலாந்துக் குழந்தையை அம்மா இன்றும் திருத்துகிறாள். 'ஹெல்ப்டு' என்று முதலில் சொன்ன குழந்தையையும் யாரோ திருத்தியிருப்பார்கள்.