கூட்டு ஜாம்பி பலகை விளையாட்டுகள்

பிணங்கள் எழுந்து மனிதரை வேட்டையாடும் கதை, ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) என்னும் அமெரிக்கத் திரைப்படத்தால் பரவலானது. அதில் வீட்டுக்குள் ஒளிந்தவர்கள் அழிவதற்கு அவர்களுடைய சண்டையும் ஒரு காரணம். பலகை விளையாட்டுகள் இந்தப் பகுதிக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

2001-இல் வெளிவந்த ‘ஜாம்பீஸ்!!!’ விளையாட்டில் அவரவர் தனித்தனி. ஹெலிகாப்டர் தளத்தை அடைந்து முதலில் தப்புபவரோ, 25 ஜாம்பிகளைக் கொன்றவரோ வெல்வார். ‘லாஸ்ட் நைட் ஆன் எர்த்’ (2007) மனிதர்களை ஓரணியாக்கியது. ஆனால் ஜாம்பிகளை நகர்த்த ஓரிருவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும்.

2012-இல் வந்த ‘ஜாம்பிசைடு’ எல்லோரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்தது. ஜாம்பிகள் எத்தனை தோன்றும் என்பதைச் சீட்டுகள் சொல்லும். கண்ணில் ஆள் படாதபோது அவை சத்தம் வரும் திசைக்கு நகரும். இங்கேதான் சிக்கல். ஒருவர் ஜாம்பிகளைக் கொன்று அனுபவப் புள்ளி சேர்த்தால், அவருடைய நிலைக்கேற்பவே அடுத்த கூட்டம் எல்லோர் மீதும் வரும். முதல் பதிப்பின் விதி இன்னும் கடுமையானது: நண்பர் நிற்கும் இடத்தை நோக்கிச் சுட்டால், குண்டு முதலில் நண்பர்மேல்தான் பாயும். பல மேசைகளில் வாக்குவாதத்தைத் தொடங்கிவைக்கக்கூடிய விதி இது.

‘டெட் ஆஃப் விண்டர்’ (2014) சந்தேகத்தையே ஆட்டமாக்கியது. பொது இலக்கோடு ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய இலக்கும் உண்டு. ஒருவர் துரோகியாகவும் இருக்கலாம். சந்தேகப்படுபவரை வாக்கெடுத்து வெளியேற்றலாம், அவர் குற்றமற்றவராக இருந்தாலும்.